பத்து மணிப் பழம்

வெள்ளையம்மா வாழைப்பழத்தை உரிக்குமுன் காம்பைத் தொட்டுப் பார்ப்பாள். தோலின் நிறத்தை அவள் நம்பியதில்லை. தோல் பொய் சொல்லும், காம்பு பொய் சொல்லாது என்பாள். காம்பு பச்சையாக விறைத்திருந்தால் உள்ளே பாதி இன்னும் காய்தான். அதைத் தின்ற பிள்ளைக்கு வயிறு உப்பும். காம்பு வாடிச் சுருங்கி, தோலில் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளி விழுந்திருந்தால்தான் கரண்டியை எடுப்பாள்.

பழத்தைக் கையால் பிசைய மாட்டாள். ஒரு பக்கத் தோலை மட்டும் உரித்து, தகரக் கரண்டியின் முனையால் மேலிருந்து கீழாகச் சுரண்டுவாள். கூழாக வரும். பல் முளைக்காத வாயிலும் சிக்காது. ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு கரண்டி. ஒரு வயதுக்கு அரைப் பழம். ஓடித் திரிகிறவர்களுக்கு முழுப்பழம், கையில். நேரம் காலை பத்து மணி. அது ஒருநாளும் பத்தரை ஆனதில்லை.

மலாயாவில் லாபிஸ் ரயிலடியிலிருந்து ஆறாவது மைலில் இருந்த ரப்பர் தோட்டம் அது. மைலைக் கட்டை என்று சொல்வதால் ஆறாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். வெள்ளையம்மா புருஷன் ஐயாசாமியோடு 1910இல் அங்கே வந்தாள். லால்குடிப் பக்கத்துப் பெண். வாழைக்கட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். நான்கு வருஷம் பால்மரம் வெட்டினாள். 1914இல் ஒரு மழைநாள், தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையில் நிறைந்த பால்வாளிகளுமாக, வாய்க்காலின் மேல் போட்டிருந்த ஒற்றை மரத்தைக் கடந்தாள். கால் வழுக்கியது. வலது கணுக்கால் எலும்பு முறிந்து, கூடும்போது கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு மேட்டில் ஏறவும் பாரம் தூக்கவும் ஆகவில்லை.

கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அவளைப் பிள்ளைக் கொட்டகைக்கு அனுப்பினான். பெரட்டு என்ற காலைப் பேர்க் கணக்குக்கு ஆள் கூடுமுன் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அனுப்பும்போது, நொண்டிக் கோழிக்கு அடைகாக்கிற வேலை என்று நாலு பேர் கேட்கச் சிரித்தான்.

"கோழி கொத்துனா அப்பத் தெரியும் மண்டோரே," என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குள் போனாள். இருபத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தாள்.

கொட்டகை என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை, உத்திரத்தில் கட்டிய புடவைத் தூளிகள். பத்தொன்பது பிள்ளைகள். இருட்டு விலகுமுன் தாய்மார் அரக்கப் பரக்க வந்து, பிள்ளையைத் தூளியில் போட்டு, பால்டின்னில் கொஞ்சம் கஞ்சியை வைத்துவிட்டு ஓடுவார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துத் திரும்ப மதியம் ஒன்றாகிவிடும். அதுவரை பிள்ளைக்கு அந்தக் கஞ்சிதான்.

முதல் ஆறு மாதம் வெள்ளையம்மா ஒன்றும் பேசாமல் கவனித்தாள். காலை எட்டு மணிக்குக் கஞ்சி நன்றாக இருந்தது. பத்து மணிக்கு நுரை கட்டிப் புளித்தது. டின்னின் விளிம்பில் ஈ. அதைக் குடித்த பிள்ளை சாயங்காலம் பேதியானது. குடிக்காத பிள்ளை பசியில் அழுது கறுத்தது. இரண்டும் இல்லாத ஒரு சாப்பாடு வேண்டும். அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஈ உட்காரக் கூடாது, பல் தேவைப்படக் கூடாது.

"சாமியே மூடி போட்டு அனுப்புன சோறு ஒண்ணு இருக்குல்ல," என்றாள் ஐயாசாமியிடம்.

ஐயாசாமி அதிகம் பேசாத மனிதன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்குப் போய், ஒரு சுமை வாழைக்கன்றோடு வந்தான். விரல் நீளமே உள்ள பீசாங் மாஸ் கொஞ்சம், மொந்தனுக்குத் தம்பிபோல இருக்கும் பீசாங் அபு கொஞ்சம். கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் வந்து தேங்கும் பள்ளத்தின் ஓரமாக வரிசையாக நட்டான். தான் கட்டிக்கொண்டது பெண்டாட்டியையா வாழைத்தோப்பையா என்று தெரியவில்லை என்று அவன் பலரிடம் முறையிட்டதுண்டு. ஆனால் ஒரு கன்றையும் வாட விட்டதில்லை.

தாய்மார் லேசில் ஒப்பவில்லை. வாழைப்பழம் குளிர்ச்சி, சளி கட்டும், மாந்தம் வரும் என்றார்கள். வெள்ளையம்மா வாதாடவில்லை. நான்கு நாளாக மலம் இறங்காமல் முக்கி முக்கி அழுத ஒரு பிள்ளைக்கு, தாயைக் கேட்டுக்கொண்டு, கனிந்த பழம் கொடுத்தாள். மறுநாள் அது சிரித்தது. வாய்ப்புண்ணால் கஞ்சியைத் துப்பிய இன்னொன்று பழத்தைத் துப்பவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்து எதையும் தொடாத ஒன்று இதை மட்டும் தொட்டது. ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். ஒரு வருஷத்துக்குள் பத்து மணிப் பழம் கொட்டகையின் சட்டமாகிவிட்டது. 1916இல் கொட்டகையில் பேதி வந்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். அதற்கு முன் இரண்டு கையும் போதாது.

அந்த வருஷக் கடைசியில்தான் புழு வந்தது.

உண்மையில் வந்தது படம். கொக்கிப் புழுவைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். அதில் புழு ஆள் உயரம் இருந்தது, வாயில் பல் இருந்தது. பார்த்தவர்கள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. வெறுங்காலோடு நடக்கவே பயந்தார்கள். எங்கே கறுப்பாக ஒரு நூல் கிடந்தாலும் அது புழு.

ஆஸ்பத்திரி என்றால் மருந்து கலந்து கொடுக்கிற டிரசர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, சைக்கிள், கண்ணாடி. நேர்மையானவர். மருந்தில் ஒரு துளி கூடக் குறையக் கலக்க மாட்டார். புத்தகத்தில் இருப்பதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். அவருக்குப் பல வருஷமாக மலச்சிக்கல். லயத்தில் அது எல்லாருக்கும் தெரியும். டிரசர் ஐயா சிரித்தால் அன்றைக்கு அவருக்கு வயிறு இறங்கியிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். சிரிக்கிற நாள் குறைவு.

காளியம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. இரண்டு பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவள். மூன்றாவது செல்வராணி, ஒன்பது மாதம். அதை ஒரு நிமிஷம் இறக்கி விடமாட்டாள். கொட்டகைக்குக் கொண்டு வந்ததே ஒன்பதாம் மாதத்தில்தான். பழம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தவள், மற்றப் பிள்ளைகள் மொழுமொழுவென்று இருப்பதைப் பார்த்து டிசம்பர் முதல் வாரம் ஒப்புக்கொண்டாள். மூன்றாம் நாள் பிள்ளையின் துணியில் கறுப்பு நூல்கள் கிடந்தன. அரை அங்குலம், முக்கால் அங்குலம். பன்னிரண்டு. அவள் எண்ணிப் பார்த்தாள். துணியைச் சேம்பிலையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சிவசம்பு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கை நீட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். புழுதான் என்றார். கொட்டகைக்கு வந்து மற்றத் துணிகளையும் அதே தூரத்திலிருந்து பார்த்தார். பத்தொன்பதில் பதினாறில் நூல் இருந்தது. பதினாறும் பழம் தின்கிற பிள்ளைகள். கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. பழத்தில்தான் புழு.

வெள்ளையம்மா அந்த நூல்களை ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறவள். ஒருநாளும் அவற்றால் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்ததில்லை. சொல்லிப் பார்த்தாள். டிரசர் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே பத்தொன்பது பிள்ளைகளுக்கும் பூச்சி மருந்தும் விளக்கெண்ணெயும் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"இனி ஒரு வாழைப்பழம் இந்தக் கொட்டகைக்குள்ள வந்தால் நீ புல்லு வெட்டப் போவாய். மேட்டுக் காட்டுக்கு."

கோணல் காலோடு அவளால் மேட்டுக் காட்டில் அரைநாள் தாங்காது. அது அவருக்கும் தெரியும். ஆனால் வெள்ளையம்மாவின் மனசில் தைத்தது அது அல்ல. பிள்ளையை வாங்க வந்த காளியம்மா, அத்தனை பெண்களுக்கு முன்னால் கேட்டாள்:

"நீ கை வச்சு ஊட்டுனது எம்புள்ள வயித்துல நெளியுது. ரெண்ட மண்ணு முழுங்குனது பத்தாதுன்னு இதையும் குடுக்கச் சொல்றியா?"

 வெள்ளையம்மா தூளித் துணிகளை அவிழ்த்து வாளியில் போட்டாள். பத்தொன்பதையும் துவைக்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டில் ஐயாசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னான்.

"புழுன்னா நெளியணுமில்ல."

அவள் கையில் இருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் மகன் மூர்த்திக்கு அப்போது பதினான்கு மாதம். கொட்டகையில் அவனும் ஒரு ஆள். அவனுக்கும் மருந்து போயிருந்தது. மருந்து வேலை செய்திருந்தால் வயிற்றில் புழு இருக்கக்கூடாது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. கொட்டகையில் கொடுக்கக்கூடாது என்பதுதானே உத்தரவு. வீட்டில் வைத்து அவனுக்கு இரண்டு பழம் கொடுத்தாள். புதன்கிழமைத் துணியில் நூல் வந்தது. புதன்கிழமை பழம் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை வந்ததில் நூல் இல்லை. இரண்டு துணியையும் தனித்தனியே வைத்துக்கொண்டாள். முந்தின நாள் மருந்து குடித்த பிள்ளைக்கு ஒரே நாள் பழத்தில் புழு திரும்பி வருமா? பழத்தை நிறுத்தினால் ஒரே நாளில் ஓடிவிடுமா? எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் ஒன்றைக் கொடுத்துப் பார், நிறுத்திப் பார் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சோதனைக்கு உட்பட்டவனுக்கு எதுவும் நினைவில்லை. சொல்லக் கேட்டதுதான்.

இதற்கிடையில் பதினெட்டுப் பிள்ளைகள் மருந்திலிருந்து தெளிந்துவிட்டன. செல்வராணி தெளியவில்லை. திங்கட்கிழமை தொடங்கின பேதி வியாழக்கிழமை காலையிலும் நிற்கவில்லை. பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள், வாந்தி. கூவைக்கிழங்குக் கஞ்சி கொடுத்தார்கள், அதுவும் வாந்தி. கண் குழிவிழுந்தது. உச்சிக்குழி பள்ளமானது. அழுதால் கண்ணீர் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி சிகாமட்டில். லாபிஸ் போய் ரயில் ஏற வேண்டும். மூன்று நாளாக மழை. மூணாங்கட்டையில் சாலைமேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. சிவசம்பு தாமே போய்ப் பார்த்துவிட்டு, காற்சட்டை நனைந்து திரும்பி வந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வெள்ளையம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையில் இரண்டு பீங்கான் மங்கு, மேலே வாழையிலை.

முதல் மங்கில் மூர்த்தியின் துணியிலிருந்து எடுத்து, துணியில் வடிகட்டிப் பலமுறை அலசிய நூல்கள். இரண்டாவதில் பழத்தின் நடுத்தண்டு. பழத்தை உரித்து விரலால் அழுத்தினால் அது நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். பிரிகிற இடத்தில் ஒரு மெல்லிய நார் ஓடும், அதில் கடுகுக்கும் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் இழுத்து எடுத்து, ஒருநாள் முழுக்க ஈரத்தில் போட்டுக் கறுக்க விட்டிருந்தாள்.

சிவசம்பு சவரம் செய்திருக்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டார்.

"ஐயா ஒரு தரம் பாத்துருங்க. எட்ட நின்னு இல்லீங்க. கிட்ட வந்து."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் மங்கின்மேல் குனிந்தார். இரண்டாவதின்மேல் குனிந்தார். மறுபடி முதலாவது. ஊசியால் ஒரு நூலைக் குத்தினார். அது நாராகக் கிழிந்தது. தலை இல்லை, வால் இல்லை. ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள். விதையாக முடியாமல் போன விதைகள். மற்ற மங்கிலும் அதே புள்ளிகள், அதே இடைவெளி.

"புழுப்போலத்தான் கிடக்குது," என்றார்.

"கெடக்குதுங்க. நெளியல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து திட்டப்போகிறார் என்று வெள்ளையம்மா மங்குகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"காளியம்மாட பிள்ளைக்கு இனி என்ன குடுக்கலாம் எண்டு உமக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவளை அவர் நீ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அவள் சொன்னாள். பழம் இல்லை, காய். கனிந்தது மலத்தை இளக்கும், காய் கட்டும். முற்றின பீசாங் அபுக் காயைத் தோல் சீவி, மெல்லிசாக வட்டமாக அரிந்து, வெயிலில் சலசலவென்று காய்கிறவரை காயவைத்து, இடித்து, துணியில் சலித்த மாவு வீட்டில் ஒரு டின் இருக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. கண்ணாடிபோல ஆகிறவரை கிண்ட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சீனி. ஆறவைத்து, துளித்துளியாக.

சிவசம்பு அலமாரியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதில் அது இல்லை என்றார்.

"புஸ்தகத்துல இல்லீங்க. ஆனா புள்ள இன்னும் இருக்குது."

காயில் இருப்பது மாவு, பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிறது. பேதியில் உடம்பு தண்ணீரோடு உப்பையும் இழக்கிறது. இவையெல்லாம் படித்தவர்கள் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அவளுக்குத் தெரிந்தது கட்டும், இளக்கும் என்ற இரண்டு சொல்தான். அவற்றை அவள் ஒருநாளும் மாற்றிப்போட்டதில்லை.

மாவு கிண்டி முடிய எட்டரை ஆனது. ஆனால் அதைக் காளியம்மா வாங்க வேண்டுமே. வெள்ளையம்மா கை வைத்ததைத் தொடமாட்டேன் என்று அவள் லயம் முழுக்கச் சொல்லியிருந்தாள். சிவசம்பு தூக்குச்சட்டியைத் தாமே வாங்கிக்கொண்டார். மழையில் குடையில்லாமல் முன்னால் நடந்தார். வெள்ளையம்மா நொண்டிக்கொண்டு பின்னால். மழைக்கு மரம் வெட்டு இல்லாததால் லயத்தில் எல்லாரும் இருந்தார்கள். டிரசர் ஐயா தூக்குச்சட்டியோடு போவதைப் பார்க்க வாசலுக்கு வந்தார்கள்.

காளியம்மாவின் வாசலில் நின்று, உள்ளே இருந்தவளுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"அது புழு இல்லை. வாழைப்பழத்து நார். வடிவாப் பாக்காமல் சொன்னது என்ர பிழை. மருந்து குடுத்ததும் என்ர பிழை. இவவில ஒரு பிழையும் இல்லை."

 ஒரு டிரசர் கூலி லயத்தில் நின்று அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. காளியம்மா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், தூக்குச்சட்டியைப் பார்த்தாள், கடைசியில் வெள்ளையம்மாவைப் பார்த்தாள்.  பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வெள்ளையம்மா உட்கார்ந்து கரண்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே குடு. நான் நேரம் சொல்றேன்."

ஒரு கரண்டி, ஐந்து நிமிஷம் சும்மா இருத்தல், அடுத்த கரண்டி. முதல் மூன்றும் வாந்தியில் வந்தன. காளியம்மா கரண்டியை வீசப் போனாள். வெள்ளையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கால்மணி நேரம் பொறு என்றாள். நான்காவது உள்ளே நின்றது. ஐந்தாவதும் நின்றது. பத்து மணிக்கு முக்கால் தம்ளர். பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது தம்ளர். சிவசம்பு வாசல்படியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டியது.

மூன்று மணி கழிந்து பத்து நிமிஷத்துக்குக் காளியம்மா சட்டென்று மடியைத் தடவிப் பார்த்தாள். புடவை நனைந்திருந்தது. நாற்றம் இல்லை.

"அக்கா," என்றாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் சொல். "ஒண்ணுக்குப் போயிட்டாக்கா."

இரண்டு பெண்களும் அந்த ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள். சிவசம்பு நோட்டை எடுத்து 3.10 என்று குறித்தார்.

சனிக்கிழமை மலம் மஞ்சள் குழம்பாகக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கரண்டியைக் கடித்தது. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் மறுபடி பழம் உரிந்தது. புல் வெட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்குச் சிவசம்பு சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று வெள்ளையம்மா காத்திருந்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நல்லாக் கனிஞ்சது ரெண்டு கிடைக்குமோ? பிள்ளையளுக்கு இல்லை."

அவள் யாருக்கு என்று கேட்கவில்லை. காம்பு பார்த்து இரண்டு எடுத்துக் கொடுத்தாள். எழுந்ததும் வெந்நீர் ஒரு தம்ளர், பிறகு பழம், விட்டுவிட்டு இல்லை, தினமும் என்று சொன்னாள். ஜனவரியில் லயத்துக்காரர்கள் ஒரு புதிய குழப்பத்தில் மாட்டினார்கள். டிரசர் ஐயா தினமும் சிரிக்க ஆரம்பித்தார்.

அவர் வேலை முடிந்து 1931இல் ஊருக்குத் திரும்பினார். போகுமுன், ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூட வேலைக்குப் படிக்கப் போக இருந்த மூர்த்தியிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம்: 'வெள்ளையம்மா சொன்னது. ஆறு மாதம், 2 கரண்டி. ஒரு வயது, அரை. காம்பு பார்க்க. வயிற்றோட்டத்துக்குப் பழம் அல்ல, காய் மாவு. பூச்சி என்று சொல்லுமுன் கிட்டப் பார்க்க.' அவளைப் பற்றித் தாளில் எழுதப்பட்டது அவ்வளவுதான். அதை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது, தன் கோணல் கணுக்காலைப் பற்றி டிரசர் ஐயா ஒன்றும் எழுதவில்லையே, இத்தனை வருஷம் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாரே என்றாள்.

1939 மார்ச்சில் அவளுக்குத் தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி. மூர்த்திக்கு அது என்னவென்று தெரியும். சோதனைக்கூடத்தில் அந்த மாதிரிக் கட்டிகளின் சீவல்களைக் கண்ணாடித் துண்டில் பார்த்துப் பார்த்துப் பழகியவன். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். விடுப்பில் வந்து பன்னிரண்டு நாள் இருந்தான். சோறு இறங்கவில்லை, பால் புரையேறியது. சுரண்டின பழம் மட்டும் இறங்கியது. காலை பத்து மணிக்கு இரண்டு கரண்டி. ஆறு மாதக் குழந்தையின் அளவு.

சுரண்டும்போது அவன் கை அழுத்தமாக விழுந்தால் கட்டியாக வரும். அவள் கண்ணாலேயே திருத்துவாள்.

செவ்வாய்க்கிழமை, இருந்த பழம் தீர்ந்துபோனது. ஐயாசாமி பின்னால் போய் ஒரு சீப்புப் பீசாங் மாஸ் வெட்டி வந்து அவள் பக்கத்தில் வைத்தான். தோல் நல்ல மஞ்சள். மூர்த்தி ஒன்றைப் பிய்க்கப் போனான். அவள் கையை நீட்டிக் காம்பைத் தொட்டாள்.

"இது நாளன்னைக்கித்தான்," என்றாள். குரல் காற்றாக வந்தது. "அவசரப்படாத."

சீப்பைச் சுவர் ஆணியில் மாட்டினார்கள். அவள் போனது வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு.

அன்று பெரட்டுக்கு யாரும் போகவில்லை. லயம் முழுக்க அந்த வீட்டு வாசலில் இருந்தது. பிள்ளைக் கொட்டகையும் திறக்கவில்லை. தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். சாவு வீட்டிலிருந்து உடலை எடுக்கிறவரை சுற்றுப்பட்டில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. பெரியவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. நேரம் ஏற ஏறப் பிள்ளைகள் சிணுங்கின. ஒன்று அழ, தொற்றிக்கொண்டு மற்றவையும் அழுதன. செல்வராணியின் எட்டு மாத மகன் எல்லாரிலும் உரக்க அழுதான்.

காலையிலிருந்து வெள்ளையம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஐயாசாமி தலையை நிமிர்த்தினான்.

"மணி பத்தாவுது," என்றான்.

 காளியம்மா எழுந்தாள். நாற்பத்தேழு வயதாகியிருந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஆணியிலிருந்து சீப்பைக் கழற்றினாள். காம்பைத் தொட்டுப் பார்த்தாள். வாடிச் சுருங்கியிருந்தது. தோலில் புள்ளி விழுந்திருந்தது.

தகரக் கரண்டி ஜன்னல் கட்டையில் இருந்தது. மூர்த்தி அதைக் கழுவிக் கொடுத்தான். காளியம்மா பேரனை மடியில் வாங்கிக்கொண்டு, ஒரு பழத்தில் ஒரு பக்கத் தோலை மட்டும் உரித்து, மேலிருந்து கீழாகச் சுரண்டினாள்.

எட்டு மாதம். மூன்று கரண்டி. அவன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தான். அடுத்த பிள்ளையை யாரோ முன்னால் நீட்டினார்கள்.